டேப்பக்கா குட்டையான கதை

திருப்பூரில் டேப்பக்கா அளக்காமல் விட்டது நொய்யல் ஆறு ஒன்றைத்தான். அதுவும் பாலத்திலிருந்து இறங்குகிற வழி சரியில்லை என்பதால் தப்பித்தது.

அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் பிரிவு. தைத்து வருகிற டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, நெஞ்சு, நீளம், கை எல்லாம் அளந்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். நான் மேலே ஆபீசில் ஏற்றுமதிக் காகிதங்களை டைப் அடிக்கிறவள். கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கியதால் மொத்தக் கம்பெனிக்கும் அவர் டேப்பக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே வேலைக்கு வந்தவர், நாற்பத்தைந்து தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லைன் வீட்டில் ஒற்றை அறை. ஊரில் ஒரு தம்பி.

டீக்கடையில் வடை வாங்கினால் முதலில் அளப்பார், அப்புறம்தான் கடிப்பார். "நேத்து மூணு இஞ்ச் இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டே முக்கா. என்ன அண்ணாச்சி, வடை மெலிஞ்சு போச்சு?" கடைக்காரர் ஒரு நாள் கும்பிட்டுவிட்டு அவருக்கு மட்டும் தனியாகப் பெரிய வடை தட்ட ஆரம்பித்தார். அதையும் அளந்து, "மத்தவியளுக்கும் இதே சைஸ் குடுக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று ஓனர் புதுச் சட்டையில் வந்து நின்றார். எல்லோரும் சாமியைப் பார்க்க, டேப்பக்கா ஓனரின் கையைப் பார்த்தார்.

"சார், எடது கை அரை இஞ்ச் கூட இருக்கு."

"ஏனுங்க, இது கடையில வாங்குனதுங்க. நம்ம சரக்கு இல்லீங்க."

"யாரு சரக்கா இருந்தா என்ன சார், ரிஜெக்டு ரிஜெக்டுதான்."

ஓனர் இரண்டு கையையும் முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டு பூசணிக்காய் உடைத்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "ஏ பிள்ள, நான் குட்டையாயிட்டு வாரேன்" என்றார்.

எனக்குப் புரையேறிவிட்டது.

"சிரிக்காத. தூணுல பென்சில் கோடு போட்டு வச்சிருக்கேன். அஞ்சடி ரெண்டு இஞ்ச் இருந்தேன். இப்ப முக்கா இஞ்ச் கொறையுது."

பருத்தித் துணியைத் துவைத்தால் சுருங்கும். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் ஷ்ரிங்கேஜ். அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "முதல் தண்ணியில அப்படித்தானுங்கக்கா. ஷ்ரிங்கேஜ் எத்தனை பர்சன்ட்டுங்க?" என்று கேட்டேன்.

மேஜையே குலுங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த நகைச்சுவை தையல் லைன், அயர்ன் லைன், பேக்கிங் என்று சுற்றி, இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, வட இந்தியப் பெண்கள் வரை போய்விட்டது. "அக்கா, குளிக்காதீங்க, இன்னும் சுருங்கிருவீங்க" என்றான் கட்டிங் மாஸ்டர். டேப்பக்காவும் சிரித்தார். அவர் சிரித்ததால் நாங்கள் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் அவர் நடை மாறியது. வாத்து மாதிரி இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தார். இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஒரு மாடிப் படி ஏற அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. வலி என்று யாரிடம் சொன்னாலும் அவர்களும் தங்கள் வலியைச் சொன்னார்கள். பனியன் கம்பெனியில் வலியில்லாத இடுப்பு ஏது?

டாக்டர்களையும் பார்த்தார். ஒருவர் வாயு என்றார். ஒருவர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதினார். மூன்றாமவரும் நான்காமவரும் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் "அதான்" என்றார்களாம்.

"ரெண்டு பேரும் கல்யாணத்தையே மருந்தா எழுதிட்டாக, பிள்ள. எந்தக் கடையில கெடைக்கும்னுதான் எழுதல."

நான் சிரித்தேன். அவர் அந்த எக்ஸ்ரே படங்களை எடுத்துக்கொண்டு துணி செக்கிங் மெஷினுக்குப் போனார். அதில் கண்ணாடிக்குக் கீழே குழல் விளக்கு எரியும். துணி மேலே ஓடும்போது ஊசி முனை ஓட்டைகூடத் தெரியும். அந்தக் கண்ணாடி மேல் தன் விலா எலும்பையும் இடுப்பெலும்பையும் விரித்து வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு அம்புக்குறி ஒட்டினார். விலாவில் மூன்று, இடுப்பில் இரண்டு. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. "அக்கா தன்னையே ரிஜெக்ட் பண்ணிட்டாங்கோவ்!"

கொஞ்ச நாள் கழித்து டேப்பக்கா வேலைக்கு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். லீவு என்று நினைத்தோம். அவர் லீவே எடுத்ததில்லை என்பது நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. போனில் பதிலில்லை. மத்தியானம் கிளம்பி லைன் வீட்டுக்குப் போனேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் மேல் கிடந்தார். பாத்ரூமில் கால் மடங்கி விழுந்தவர், எழுந்து நிற்க முடியாமல் இழுத்துக்கொண்டே வந்து படுத்திருக்கிறார். பக்கத்து அறை பீகார்ப் பெண்கள் இரண்டு பேர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இந்தி தெரியாது. மூன்று நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"ஏனுங்கக்கா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?"

"சார்ஜ் இல்ல. சார்ஜர் அலமாரி மேல இருக்கு. எனக்கு எட்டல." அலமாரியை அண்ணாந்து பார்த்து, "மொதல்ல எட்டும்" என்றார்.

அன்று நான் சிரிக்கவில்லை.

ஊரிலிருக்கிற அவர் தம்பிக்குப் போன் செய்தேன். "அவளுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்கும்க்கா" என்று வைத்துவிட்டான். ஓனரிடம் சொன்னேன். அவர் தன் காரையே டிரைவரோடு அனுப்பினார். பல்லடத்தில் புதிதாக வந்திருந்த ஓர் எலும்பு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயதுக்காரர். வரவேற்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். வேறு யாரையோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். டேப்பக்கா என் முழங்கையைத் தட்டி, "என்னயத்தான் கூப்பிடுதாக" என்றார். ஆறு வருஷப் பழக்கம். அவர் பெயர் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா பழைய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இந்த ஸ்டிக்கரெல்லாம் யாரு ஒட்டுனது?"

திட்டப் போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் டாக்டரம்மா. வலிக்க எடத்துல ஒட்டுனேன்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வோர் அம்புக்குறியாகக் கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வோர் அம்பின் முனையிலும் எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஆறாத விரிசல். ஐந்து அம்பு, ஐந்து விரிசல்.

"உங்க உயரம் கொறைஞ்ச மாதிரி இருக்குங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

டேப்பக்கா நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் கிண்டல் இல்லாமல் கேட்ட முதல் ஆள் டாக்டரம்மாதான்.

"ரெண்டரை இஞ்ச், டாக்டரம்மா. கடைசியா அளக்கையில நாலடி பதினொண்ணரை."

இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி அளந்தார்கள். நாலடி பதினொண்ணரை.

ரத்தத்தில் பாஸ்பேட் என்கிற உப்பு அடிமட்டத்தில் இருந்தது. அது இல்லாவிட்டால் எலும்பு ஈர மரம் மாதிரி வளையும், விரியும், முதுகெலும்பு நசுங்கி ஆள் உயரம் குறையும். உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி அந்த உப்பையெல்லாம் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். ரொம்ப அபூர்வமான வியாதி என்றார். அந்தக் கட்டியைத் தேடும் ஸ்கேன் எடுக்கக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். "இந்த ஸ்கேனை வழக்கமாத் தொடையோட நிறுத்திருவாங்க. இவங்களுக்கு உச்சந்தலையில இருந்து கால் விரல் நுனி வரைக்கும் எடுக்கணும்" என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டார்.

அங்கே கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, நர்ஸ் சொன்னார்: "கொஞ்ச நேரம் நீங்க தனியா இருக்கணுங்கம்மா. யாரும் பக்கத்துல வரக் கூடாதுங்க."

"அதுக்கு எதுக்கும்மா ஊசி?" என்றார் டேப்பக்கா. "அது எனக்கு எப்பவுமே அப்பிடித்தான்."

நர்ஸ் சிரித்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் உள்ளே ஒரு நாற்காலியில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, சின்னதாக உட்கார்ந்திருந்தார். போன் போட்டேன். எடுத்தார். எங்களுக்கு நடுவில் இருபதடி. அந்த ஒரு மணி நேரமும் வடை, கட்டிங் மாஸ்டர், மழை என்று ஏதேதோ பேசினோம்.

"அக்கா, அன்னிக்கு ஷ்ரிங்கேஜ்னு நாந்தானுங்க மொதல்ல சொன்னேன்."

"தெரியும் பிள்ள. நல்லாத்தான் இருந்துச்சு."

"மன்னிச்சுக்குங்கக்கா."

"அப்பயாவது எல்லாரும் எங்கிட்ட வந்து பேசுனாக" என்றார்.

முடிவு சொல்லும்போது அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் முழு டேப்பக்கா. கல்லீரல், சிறுநீரகம் இருக்கிற இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. அதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான் என்றார். அப்புறம் படத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். இடது குதிகாலுக்குள், மற்ற எதோடும் ஒட்டாமல், தன்னந்தனியாக ஒரு புள்ளி. மிளகு அளவு.

டேப்பக்கா வெகுநேரம் அதைப் பார்த்தார். "அங்க மட்டும் எனக்கு வலிச்சதே இல்லியே சார்." பிறகு தொழிற்கோபத்தோடு, "இந்த ஒரு ஸ்பாட்டுக்கா முழுப் பீசும் ரிஜெக்ட் ஆச்சு?" என்றார்.

ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. சில நாட்களிலேயே ரத்தத்தில் உப்பு ஏறியது. வலி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விலகியது. போன உயரம் திரும்ப வராது என்று டாக்டர் சொன்னபோது, "பரவாயில்ல சார், இதுக்கு மேல கொறையாட்டிப் போதும்" என்று சொல்லிவிட்டார். வேலையில் சேர்ந்த அன்று தையல் லைன் முழுக்க எழுந்து நின்றது. என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகும் தெரியவில்லை. விசாரிக்க இப்போது வலி இல்லை, கிண்டல் செய்ய வாய் வரவில்லை. டேப்பக்காவின் மேஜைப் பக்கம் ஆள் வருவது குறைந்துபோனது. குணமான பிறகு அவர் முன்னைவிடத் தனியாக இருந்தார்.

நான் இப்போது வேலையை விட்டு மடத்துக்குளத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவேன். சாயங்காலம் அவரே பஸ் ஸ்டாப் வரை கூட வருவார். என்னைவிட வேகமாக நடக்கிறார். நான் ஏற வேண்டிய பல்லடம் பஸ் வந்ததும், "ஏறு பிள்ள, இருட்டப் போவுது" என்பார்.

"கூட்டமா இருக்குங்கக்கா. அடுத்ததுல போறேன்" என்பேன். அந்தப் பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகத்தான் இருக்கும்.