பதினேழாவது அங்கம்: நடனம்

பாலே நடனம் பிறந்தது இத்தாலியில், வளர்ந்தது பிரான்சில், பேர் வாங்கியது ரஷ்யாவில். ஆனால் அதற்கென்று தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இரண்டு துணைச் செயலாளர்கள், ஒரு கொள்கை விளக்கச் செயலாளர் என்று முறையான செயற்குழு அமைந்தது சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில்தான். வரலாறு இதை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அது வரலாற்றின் சோம்பேறித்தனம்.

செயற்குழுத் தலைவர் திரு. சிலுவைராஜ். வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் மின்தூக்கிப் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலேயில் ஆண் பெண்ணைத் தூக்குவதற்கும் ‘லிஃப்ட்’ என்றுதான் பெயர். ஆகவே தாம் துறை மாறிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. அதே துறையில் பதவி உயர்வு கிடைத்ததாகவே நினைத்தார்.

அவருக்குப் பாலே பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு பெரிய அரங்கில் மேடைக்குப் பின்னால் இருந்த மின்தூக்கி பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போனவர் வேலையை முடித்துவிட்டுத் தவறான கதவைத் திறந்து திரைச்சீலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சாயம் போன டீ-சட்டையில் ஒரு பெண் மேடையின் எதிர்மூலையிலிருந்து ஓடிவந்து எழும்பினாள். எழும்பியவள் இறங்குவதற்கு ஒரு கணம் மறந்துபோனாள் என்று சிலுவைராஜ் இன்றுவரை சத்தியம் செய்கிறார். ஏறியது எதுவும் இறங்கியே தீரும் என்று முப்பது வருடம் கையெழுத்துப் போட்டு வந்த மனிதர், கையில் ஸ்பேனரோடு நின்று பதினோரு நிமிடம் அழுதார்.

அந்த அழுகை உண்மை. அதைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். அவருடைய மனைவி உர்சுலாகூடச் சந்தேகப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த நிகழ்ச்சியையும் விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். நூலகத்திலிருந்து கனமான புத்தகங்களைத் தூக்கி வந்தார். ஒவ்வோர் அடவுக்கும் உரிய பிரெஞ்சுப் பெயரை மனப்பாடம் செய்தார். ‘பாலெட்’ என்று சொல்பவர்களைப் பேருந்தில் முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் திருத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைத் தனியே அழைத்து, “ஃபாதர், முழந்தாள் போடுறப்ப முதுகு கொஞ்சம் வளையுது. மத்தபடி எல்லாம் பிரமாதம்” என்றார். மறு வாரத்திலிருந்து ஃபாதர் அவரைக் கண்டால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போக ஆரம்பித்தார்.

ஒரு தமிழர் ஒன்றை இவ்வளவு உண்மையாக நேசித்துவிட்டால் அடுத்து என்ன செய்வார்? சங்கம் வைப்பார்.

“அழுகை வந்தா அழுதுட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குங்க சங்கம்?” என்று கேட்டார் உர்சுலா.

“நான் ஒருத்தன் அழுதா அது அழுகை. பதினாலு பேர் சேர்ந்து அழுதா அது இயக்கம்” என்றார் சிலுவைராஜ்.

இப்படிப் பிறந்ததுதான் ‘சிங்கைத் தமிழ் பாலே ரசிகர் பேரவை’. மொத்த உறுப்பினர்கள் பதினான்கு பேர். அவர்களில் செயற்குழுவில் இருப்பவர்கள் பதினொருவர். மற்ற மூவர் ‘பொதுமக்கள்’.

பேரவை தேக்கா உணவங்காடியில், தேத்தண்ணிக் கடைக்கு எதிர்மேசையில் கூடும். முதல் ஏழு கூட்டங்கள் பாலேயைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலேயே கழிந்தன. துணைத் தலைவர் தனசேகரன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் ‘நுனிக்கால் கூத்து’ என்று முன்மொழிந்தார்.

“நுனிக்கால்னா யாரோ திருட வர்ற மாதிரி இருக்கே” என்றார் செயலாளர் குமரன்.

“கலைஞன் உள்ளம் கவர் கள்வன்தானே தம்பி! ஆகவே பொருத்தமே!” என்றார் தனசேகரன்.

வாக்கெடுப்பு நடந்தது. ஐந்துக்கு ஐந்து. பதினொன்றாமவர் ரொட்டி பரோட்டா வாங்கப் போயிருந்தார். இறுதியில் ‘பாலே’ என்றே அழைப்பது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்காக வருத்தம் தெரிவிப்பது என்று தீர்மானமாயிற்று.

நான்கு ஆண்டுகளில் பேரவையின் சாதனைகள்: முப்பத்தொரு கூட்டங்கள், ஒரு நாட்காட்டி, செந்தோசாத் தீவுக்கு இரண்டு சுற்றுலா. எல்லாரும் சேர்ந்து போய்ப் பார்த்த பாலே நிகழ்ச்சிகள் மட்டும் இல்லை. நிகழ்ச்சிகள் எல்லாம் கூட்டம் நடக்கும் நாள்களிலேயே வந்து தொலைத்தன.

இந்த நிலையில்தான் குமரன் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மார்சிலிங்கில் திவ்யதர்ஷினி என்று ஒரு தமிழ்ப் பெண். வயது இருபத்து நான்கு. தொழில்முறை பாலே நடனமணி. ஜெர்மனியில் ஒரு குழு அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை விமானம்.

சிலுவைராஜ் கிண்ணத்தை மேசைமேல் தட்டென்று வைத்தார். தேத்தண்ணி சிந்தியது. “நம்ம பொண்ணு” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பிறகு முடிந்தது. “பாராட்டு விழா எடுக்குறோம்.”

அவரே தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் அந்தப் பெண்ணுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

“அங்கிள், நிஜமாவே தமிழ் ஆளுங்க பாலே சங்கம் வெச்சிருக்கீங்களா?”

“பதினாலு பேரும்மா!”

“பதினாறு வருஷமா ஆடுறேன் அங்கிள். நம்ம ஆளுங்க யாருமே பாத்ததில்ல. சொந்தக்காரங்களுக்கு இது என்னான்னே தெரியாது. எனக்குப் பாராட்டெல்லாம் வேணாம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஆடிக் காட்டுறேன். நானே ஒண்ணு புதுசா அமைச்சிருக்கேன், வீணை இசைக்கு. எட்டே நிமிஷம்.”

“எட்டு என்னம்மா, எம்பது நிமிஷம்கூட ஆடு!” என்றார் சிலுவைராஜ். சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அரங்கம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று முதல் ஐந்து வரை கிடைத்தது. விழா இரண்டு மணிக்கு. நிகழ்ச்சி நிரல் தயாராயிற்று. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை, தலைமையுரை, நாட்காட்டி மறுவெளியீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த பதினெட்டு அங்கங்களில் பதினேழாவது ‘நடனம்’. பதினெட்டாவது ‘தேநீர்’. கலைக்கும் வடைக்கும் இடையே வேறெதுவும் வரக்கூடாது என்பது செயற்குழுவின் அழகியல் நோக்கு.

திவ்யதர்ஷினி ஒரு மணிக்கே வந்துவிட்டாள். மேடைத் தரை வழுக்கும் என்று, விரிப்பதற்கு ஒரு ரப்பர் பாயைச் சுருட்டி டாக்சியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். உர்சுலா அவளோடு சேர்ந்து அதை விரித்தார். ஒன்றரை மணிக்கு அந்தப் பெண் ஓரமாக நின்று உடம்பைச் சூடேற்றத் தொடங்கினாள்.

சிறப்பு விருந்தினர் இரண்டு ஐம்பதுக்கு வந்தார். தரை ஓடு வியாபாரி. ‘ஆடல் கலைக்கு அடித்தளமான தரையில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்’ என்று குமரன் அறிமுகப்படுத்தினார். ரப்பர் பாய் விருந்தினர்களின் நாற்காலிக்கு இடைஞ்சலாக இருந்ததால் சுருட்டி ஓரம் வைக்கப்பட்டது. நடனமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு விருந்தினருக்கு. பிறகு போர்த்தியவர்களுக்கு. தனசேகரன் ‘சிலப்பதிகாரத்தில் பாலேயின் கூறுகள்’ என்ற பொருளில் முப்பத்தைந்து நிமிடம் பேசி, மாதவி சிங்கப்பூரில் பிறந்திருந்தால் எந்த வட்டாரத்தில் வீடு எடுத்திருப்பாள் என்பதுவரை ஆராய்ந்தார்.

திவ்யதர்ஷினியின் உடம்பு ஆறிப்போயிற்று. தூணுக்குப் பின்னால் போய் மறுபடி சூடேற்றினாள். அது மறுபடி ஆறியது.

நான்கு ஐந்துக்குத் தலைவர் எழுந்தார். அவருக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். ‘பாலேயின் மௌனம்’ என்பது தலைப்பு.

“பாலேயில் பேச்சே கிடையாது. ஒரு சொல் கிடையாது. அதுதான் அதன் மேன்மை!” என்று தொடங்கினார். இந்தக் கருத்தை ஐம்பத்தொரு நிமிடம் விளக்கினார். பொய்யாகப் பேசவில்லை. ஸ்பேனரோடு அழுத கதையைச் சொன்னபோது குரல் உடைந்தது. அவையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் அந்த இரண்டு பேரைப் பார்த்தார். இன்னும் பன்னிரண்டு பேர் பாக்கி இருந்தார்கள். தொடர்ந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். ஐந்து மணிக்கு அதே அரங்கம் மூத்தோர் வரிசையாக நின்று ஆடும் ‘லைன் டான்ஸ்’ வகுப்புக்கு. கமலம் என்ற அம்மாளின் தலைமையில் இருபது பெண்கள், தொப்பியும் விளையாட்டுக் காலணியுமாக. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கலந்த கூட்டம்.

நான்கு ஐம்பத்தாறுக்குத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திடுக்கிட்டார். தூணருகே பொன்னாடையோடும் நடனக் காலணியோடும் நின்றவளைப் பார்த்தார். உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதை அவர் மறைக்கவில்லை. “நேரமின்மை காரணமாக, மிகுந்த மனவேதனையுடன், நடனத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கிறோம்” என்றார். “ஆனால் ஒரு கலைஞரை வெறுங்கையோடு அனுப்புவது தமிழர் பண்பல்ல. எல்லோரும் எழுந்து நின்று கரவொலி எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்!”

எழுந்தார்கள். இரண்டு நிமிடம் இடைவிடாமல் தட்டினார்கள். ஆடாத நடனத்துக்கு இவ்வளவு மனமுவந்து கைதட்டிய அவை வேறு எந்த நாட்டிலும் இருந்ததில்லை. பிறகு எல்லாரும் நடைகூடத்துக்கு, வடைக்குப் போனார்கள்.

திவ்யதர்ஷினி தரையில் உட்கார்ந்து காலணியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். உர்சுலா பாயைக் கட்டக் கயிறு தேடினார்.

உள்ளே வந்த கமலம் நின்றார். “என்னம்மா, ஆடி முடிச்சிட்டியா?”

“இல்ல ஆன்ட்டி. ஆடல.”

“இதெல்லாம் போட்டுக்கிட்டு ஆடலியா? எவ்ளோ நேரம் ஆவும்?”

“எட்டு நிமிஷம்.”

கமலம் திரும்பிக் கைகளைத் தட்டினார். “எல்லாரும் கீழ உக்காருங்க லா! இந்தப் பொண்ணு மொதல்ல ஆடட்டும். நாம எட்டு நிமிஷம் ஆடலன்னா கொழுப்பு ஒண்ணும் கூடிடாது!”

இருபது பெண்களும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நால்வர் சேர்ந்து பாயை மறுபடி விரித்தார்கள். வீணை ஒலித்தது.

நடைகூடத்தில் குழுப்படம் எடுக்க ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார் குமரன். கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நடுவில் தரை ஓடு வியாபாரி, பக்கத்தில் சிலுவைராஜ். உர்சுலா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“என்னங்க, அந்தப் பொண்ணு ஆடுது. சீக்கிரம் வாங்க.”

“ஆடுதா?” அவர் முகம் மலர்ந்தது. “இதோ. ஒரே ஒரு போட்டோ.”

“எட்டே நிமிஷம்ங்க. பாதி போச்சு.”

வீணை காதில் விழுந்தது. காலணி தரையைத் தொடும் மெல்லிய சத்தமும் கேட்டது. அவர் அரைவாசி திரும்பிவிட்டார்.

“அண்ணே, இங்க பாருங்க! விருந்தினருக்கு நேரமாவுது!” என்றார் குமரன்.

சிலுவைராஜ் இங்கே பார்த்தார். அடுத்து, பொன்னாடையோடு ஒன்று. பொன்னாடை இல்லாமல் ஒன்று. நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்று. உர்சுலா தனியே உள்ளே போய்விட்டார்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது இருபது பெண்களும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனப் பாட்டி தொப்பியை மேலே வீசினாள். கமலம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திவ்யதர்ஷினி முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். நிமிர்ந்தபோது வாசலில் அவரைக் கண்டாள். வியர்வை வழியச் சிரித்தாள்.

“அங்கிள், பாத்தீங்களா?”

“பாக்காம இருப்பேனா?” என்றார் சிலுவைராஜ்.

உர்சுலா அவரைத் திரும்பிப் பார்த்தார். பாயின் மறு முனையைப் பிடித்துச் சுருட்டினார். அந்தப் பெண்ணோடு கீழே இறங்கி டாக்சிவரை போனார்.

குமரன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். “அண்ணே, படம் சூப்பர். ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமே இதுதான். ஆனா பின்னாடி கண்ணாடியில என்னமோ வெள்ளையா கோடு மாதிரி விழுந்திருக்கு. புறா கிறா பூந்துடுச்சா?”

சிலுவைராஜ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் தோளுக்கும் தரை ஓடு வியாபாரியின் தோளுக்கும் நடுவே, கதவுக்கு அந்தப் பக்கம், தரைக்கு மிக உயரத்தில் ஓர் உருவம் நின்றது. அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

“புறா இல்ல குமரா. கிராண்ட் ஜெத்தே, பெரும் பாய்ச்சல்.” படத்தை விரலால் பெரிதாக்கினார். “பின்கால் பாத்தியா? முட்டி ஒரு நூல் மடங்கல. முதுகு பாரு. கழுத்து பாரு. இந்த உயரத்துல இவ்வளவு அமைதி ஆயிரத்துல ஒருத்திக்குத்தான் வரும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இருக்கட்டுமாண்ணே?”

அவர் இன்னொரு முறை பார்த்தார். விருந்தினர் சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னாடை சரியாக விழுந்திருந்தது. தாமும் நன்றாகத்தான் இருந்தார்.

“வேணாம், அழிச்சிடு. பாக்குறவங்க கண்ணு நேரா அங்கதான் போவும்.”

குமரன் விரலால் ஒருமுறை தேய்த்தார். படத்தில் கதவுக் கண்ணாடி சுத்தமாயிற்று.

பாலேயை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவரால்தான் அதை இவ்வளவு சரியாக அடையாளம் காட்டி அழிக்க முடியும்.