மாதவரத்துத் தம்பிக்கு என் வயிற்று விவரம்

ராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி பிராங்கிளினுக்கு,

இயேசுவுக்கே புகழ். அண்ணன் அருள்நாதன் எழுதுவது. நான் நலம், என் வயிறு நலமில்லை. நம்முள் பேச்சுவார்த்தை இல்லாதபடியால் உன் நலத்தை விசாரிக்கவில்லை. உன் மனைவி ஆன்சியை மட்டும் விசாரித்ததாகச் சொல்லவும். உன் அண்ணி, என் ஞானம், இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, "வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு மாதவரம் வந்துடுண்ணே" என்று நீ சொன்னதையும், நான் வாசலைக் காட்டியதையும் மறக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது. இது சமாதானக் கடிதம் அல்ல. நம் அப்பாவுக்கும் இதே வயிறு, நாளைக்கு உனக்கும் வரலாம், அந்தத் தகவலுக்காக எழுதுகிறேன்.

ஒரு மாதமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், ஓயாத ஏப்பம். டாக்டரிடம் போனேன். சுவரில் ஆளுயரப் படம். யப்பா, மனுஷனுக்குள்ளே இத்தனை சாமானா! செரிமானம் வயிற்றில் இல்லையாம், வாயிலேயே ஆரம்பமாம். பல் அரைக்க, எச்சில் சோற்றின் மாவுச்சத்தை உடைக்க, பிறகுதான் உணவுக்குழாய். இரைப்பை அமிலம் ஊற்றி மூணு நாலு மணி நேரம் பிசைகிறது. அப்புறம் இருபதடி சிறுகுடல், அங்கே கல்லீரல் அனுப்பும் பித்தம் கொழுப்பைக் கரைக்க, கணையமும் தன் பங்குக்கு நீர் விட, சத்தெல்லாம் ரத்தத்தில் சேருகிறது. பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. ஓரமாகக் குடல்வால் என்று ஒன்று தொங்கியது. "இது இன்னா வேலை சார் செய்யுது?" என்றேன். "பெருசா ஒண்ணுமில்ல" என்றார். நம்மைப் போல ரிட்டயர்டு போலிருக்கிறது.

"நீங்க மெல்றதே இல்ல. பல்லோட வேலையையும் இரைப்பை தலையில கட்டுறீங்க" என்றார். உண்மைதான்டா. துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் கிரேன் கேபினில், சோற்றுப் பையைக் கயிறு கட்டி மேலே இழுத்து, கீழே லாரிக்காரன் ஹாரன் அடிப்பதற்குள் முழுங்கியே பழக்கம். வீட்டில் ஞானம் இருந்தவரை பிழைத்தேன். எதிரே உட்கார்ந்து தெருக்கதை பூராவும் சொல்லுவாள், நடுநடுவே நான் பதில் சொல்லணும், அந்த நேரத்தில் மென்றேன். இப்போது நாலே நிமிஷத்தில் தட்டு காலி. அப்புறம் வூட்டில் என் வயிறு போடுகிற சத்தம் மட்டும்தான் பேச்சு.

"யாருனா தொணைக்கு வச்சிகினு, பேசிக்கினே சாப்புடு" என்று டாக்டர் உத்தரவு. ஆள் தேடினேன். முதலில் பழைய தோஸ்து அத்தாவுல்லாவைக் கூப்பிட்டேன். அவனும் கிரேன்காரன் என்பதை மறந்துவிட்டேன். ரெண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் மூணே நிமிஷத்தில் முடித்தோம், ஏப்பம் மட்டும் ஜோடியாக வந்தது. அடுத்து தண்டையார்பேட்டை மெஸ். எதிரே இருந்தவரிடம், "உங்க பித்தப்பை நல்லா கீதா?" என்று அன்பாகத்தான் கேட்டேன். மனுஷன் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். கடைசியில் ஞானத்தின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டேன். புரையேறிவிட்டது. தலையில் தட்ட ஆளில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்களே, அது நீயாக இருக்குமோ என்று அந்த இருமலிலும் நினைத்தேன். அன்றைக்கு ரொம்பப் பயந்துபோனேன் தம்பி.

ஆகவே, மருத்துவக் காரணத்துக்காக மட்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் நீ இங்கே வந்து சாப்பிடலாம். பேச இஷ்டமில்லையென்றால் சண்டை போடு, அதற்கும் நான் மென்று மென்றுதான் பதில் சொல்லணும். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தோணியார் உன் குடும்பத்தையும் உன் குடலையும் சேர்த்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அருள்நாதன்

பி.கு.: துணையோடு சாப்பிடு என்று டாக்டர் சொல்லவே இல்லை. நானாக எழுதினது. அவர் ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார், ரெண்டே நாளில் எரிச்சல் நின்றுவிட்டது. வயிறு இப்போ நல்லாத்தான் கீது. நீ வாடா.