பாலத்தில் விழுந்த பிள்ளை

பொன்னம்பலத்துக்கு இடுப்பு நிமிரவில்லை. விடிய ஐந்து மணிக்குக் குனிந்தவர், இருபத்திரண்டு குதிரைகளின் லத்தியை அள்ளி முடித்தபோது மணி ஒன்பது. கடைசிக் கொட்டிலில் ‘பிரிட்ஜ் போய்’, பாலத்துப் பையன், என்ற மூன்று வயதுக் குதிரை நின்றது. போன ஞாயிறு ரொறன்ரோவின் பெரிய பந்தயத்தில் முதலாவதாக வந்த குதிரை. பொன்னம்பலம் அதைத் தம்பி என்பார். தம்பி அவருடைய காலை மிதித்துக்கொண்டு நின்றது.

லாயத்தின் முதலாளி றொபேட் இரண்டு பேப்பர்களோடு வந்தார். ரொறன்ரோப் பேப்பர் ‘எங்கள் குதிரை’ என்றது. அமெரிக்காவின் கென்டக்கிப் பேப்பரும் அதையேதான் சொன்னது.

ஒரு வருசத்துக்கு முன் இந்தக் குதிரையை யாரும் கேட்கவில்லை. ஓடின ஐந்து ஓட்டமும் கடைசி. அப்போது றொபேட் அதை அமெரிக்கக் குதிரை என்றார், அவருடைய கூட்டாளி கென்டக்கிக்காரர் கனடாக் குதிரை என்றார். தாய்க்குதிரை இரண்டு பேருக்கும் பங்கு. குட்டி எந்த நாட்டில் விழுகிறதோ அந்த நாட்டுக்காரருக்கு என்று ஒப்பந்தம். 1993 பங்குனியில் லொறியில் ஏற்றி வரும்போது அது எல்லைப் பாலத்தில் குட்டி போட்டது. ஒப்பந்தத்தில் பாலம் இல்லை.

அன்று முன்சீற்றில் றொபேட்டும் கென்டக்கிக்காரரும். பின்னால் குதிரையோடு இருந்தது பொன்னம்பலம் மட்டும். எல்லைக்கு அமெரிக்கப் பக்கம் பஃபலோவில் அகதிகள் தங்கும் வீட்டு வாசலில் லொறியை நிறுத்தி, மாடு கன்று பார்த்த ஆள் யாராவது உண்டா என்று றொபேட் கேட்டார். கனடாவுக்குள் போக வழி பார்த்து நின்றவர் கையைத் தூக்கினார். குட்டியை இழுத்தெடுத்தார், அகதி என்று பதிந்தார், அதே லாயத்தில் வேலைக்கும் நின்றார்.

இப்போது குதிரை யாருக்கு என்று பந்தயச் சபையில் விசாரணை. குதிரை போனால் லாயத்தைப் பூட்டவேண்டியதுதான் என்று றொபேட் சொல்லிவிட்டார். லாயம் பூட்டினால் வேலைக் கடிதம் இல்லை. கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருக்கும் மனைவி குணவதியைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் பைலில் அந்தக் கடிதம் ஒன்றுதான் குறை.

விசாரணைக்கு மொழிபெயர்க்க ரொறன்ரோ பார்க்டேலில் இருந்து ஜோசப்பின் என்ற பெண் வந்திருந்தார். கென்டக்கிக்காரரின் லோயர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குட்டியின் தலை வெளியே தெரிந்தபோது லொறி எந்தப் பக்கம் நின்றது?

பொய் சொல்லித்தான் பொன்னம்பலம் நாலு நாடு கடந்தவர். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்னதில்லை.

“அமெரிக்காப் பக்கம்,” என்றார்.

ஜோசப்பின் ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். றொபேட் தலையில் கைவைத்தார்.

பொன்னம்பலம் அவசரமாக, தன்னிடம் எழுத்திலேயே சாட்சி இருக்கிறது என்றார். பிள்ளை பிறந்தால் நேரமும் இடமும் குறிக்கிறது அவர் ஊர் வழக்கம். அன்று குறித்ததைக் கடிதத்தில் குணவதிக்கு அனுப்பி, தான் கனடாவில் கால் வைத்த நேரம் பிறந்த ராசியான சீவன், அதற்கு ஒரு சாதகம் எழுதுவி என்று கேட்டிருந்தார். எழுதியது அவளுடைய மாமா ஸ்ரீஸ்கந்தராசா சாத்திரியார். விசாரணையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.

கொழும்புக்குப் போன் எடுத்தார்.

“சாதகம் என்னட்டைத்தான் கிடக்கு,” என்றாள் குணவதி. “பக்ஸ் பண்ணுறன். ஆனால் அதிலை ஒரு சின்னப் பிழை...”

போன் கார்ட் முடிந்துவிட்டது.

பிழை மறுநாள் சபையில்தான் தெரிந்தது. பக்ஸில் வந்த சாதகத்தை ஜோசப்பின் வாசித்தார். “பொன்னம்பலம் குணவதி தம்பதிக்குப் பிறந்த தலைப்பிள்ளை, ஆண்.”

லோயர் எழும்பினார். “இந்தக் குதிரை உங்கள் மகனா?”

சபை சிரித்தது. றொபேட் சிரிக்கவில்லை.

“மனுசி வெக்கத்திலை சொல்லாமல் விட்டிருக்கிறா,” என்றார் பொன்னம்பலம். “புருசன் குதிரைக்குச் சாதகம் கேக்கிறான் எண்டு எந்த மனுசி மாமனிட்டைப் போய்ச் சொல்லுவா?”

சபைத் தலைவர் ஒரு கிழட்டு மிருக வைத்தியர். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மற்ற வரிகளையும் வாசிக்கச் சொன்னார். காலை 7.48. நிலத்தில் விழுந்த இடம்: பாலத்தின் நடுவில் எல்லை காட்டும் கொடிகள் தாண்டி, கனடாப் பக்கம், ஆறாவது விளக்குத் தூண்.

தலைதான் முதலில் அமெரிக்காவில் வந்துவிட்டதே என்றார் லோயர்.

“தலை வந்தது உண்மைதான். லொறி லைனிலை ஊர்ந்துகொண்டு நிண்டது, தோள் இறுகிப்போச்சு, மிச்சம் வர நேரம் எடுத்தது. எங்கடை ஆக்களுக்குத் தலை கணக்கில்லை, ஐயா. நிலத்திலை விழுந்தால்தான் பிறப்பு.”

குட்டி விழுந்தது நிலத்தில் இல்லை, லொறிக்குள் என்றார் லோயர். லொறி கனடாவின் ஒன்ராறியோ நம்பர், வைக்கோலும் ஒன்ராறியோ வைக்கோல் என்று றொபேட் கதிரையை விட்டு எழும்பினார். அவரை இருத்தினார்கள்.

இரண்டு கையும் குதிரைக்குள் இருந்த மனிதன் விளக்குத் தூணை எண்ணினானா என்று லோயர் கேட்டார்.

“எண்ணினன். கனடாவுக்குள்ளை வந்திட்டனோ எண்டு எனக்குத் தெரியவேணும்.”

ஜோசப்பின் அதை மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் ஒப்பந்தத்தை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். அதில் ‘பிறந்தால்’ என்று இல்லை. குதிரைக்காரர் பேச்சில் எழுதியிருந்தார்கள்: ‘விழுந்தால்’. தலை எட்டிப் பார்க்கும், விழாது, என்றார் அவர். குதிரை கனடாவுடையது.

லாயத்து ஆட்கள் பொன்னம்பலத்தைத் தோளில் தூக்கினார்கள். நொந்த இடுப்பை அவர்களே நிமிர்த்திவிட்டார்கள். றொபேட் ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலேயே வேலைக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார், சம்பளத்தைக் கூட்டியும் எழுதினார். கென்டக்கிக்காரர் வந்து கைகுடுத்து, உன் மகன் நன்றாக ஓடுகிறான் என்றார். மூன்று வருசத்தில் முதல்முறையாகப் பொன்னம்பலம் வாய்விட்டுச் சிரித்தார்.

சபை கலைந்த பிறகு ஜோசப்பின் கிட்ட வந்தார். கையில் ஒரு தாள்.

“அண்ணை, பக்ஸிலை ரெண்டாம் பக்கம் ஒண்டும் வந்தது. அவை கேக்கேல்லை, நான் வாசிக்கேல்லை. சாத்திரியார் எழுதியிருக்கிறார்: ‘பிள்ளைக்குச் செவ்வாய் தோசம். அதனால் ஊர் முருகன் கோயிலுக்கு வித்தாச்சு. பிள்ளை இனி முருகனுக்குச் சொந்தம். திருப்பி வாங்கிற அஞ்சு ரூபாய் இன்னும் கட்டேல்லை.’”