பணியாளர் எண் ஒன்று

அநியாயம் நடந்தது மனைவிக்கு. செய்தது சொந்தப் புருஷன். அதுவும் அவளுடைய அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்த நேரத்தில்.

"அடுத்த திங்கக்கிழமை ஆபரேஷனாம். பத்து நாள் கூட இருந்துட்டு வரேங்க."

"பத்து நாளா! லீவெல்லாம் வேலை பார்க்கிறவங்களுக்கு. சும்மா இருக்கிறவளுக்கு எதுக்கு லீவு?"

"நான் சும்மாவா இருக்கேன்?"

"இல்லேன்னு நிரூபி. அப்புறம் பேசு."

அவர் ஒரு கம்பெனியில் வருகைப்பதிவு அதிகாரி. ஐந்நூறு கழுத்துகளில் ஸ்மார்ட் கார்டு மாட்டியவர். கார்டைத் தொட்டால் கதவு திறக்கும். கேண்டீன் சோறு போடும். ஒரு நிமிஷம் பிந்தினால் மானம் போகும். அந்த ஐந்நூறு பேரும் அவரை எதிர்த்து வாயைத் திறந்ததில்லை. இவள் திறந்துவிட்டாள். மறுநாளே, ஆபீசில் ஓரங்கட்டிய கார்டு இயந்திரம் ஒன்று சமையலறைச் சுவரில் ஏறியது. அவள் கழுத்தில் கார்டு ஏறியது.

"வேலை தொடங்கினா ஒரு தட்டு, முடிஞ்சா ஒரு தட்டு. ஒரு வாரம். உன் மத்தியானத் தூக்கம் பூரா அம்பலமாயிடும்."

"சரிங்க."

அந்த வாரம் முழுக்க மழை. துணி காயவில்லை. வீட்டில் பேச்சில்லை, இயந்திரம்தான் பேசியது. விடிகாலை ஐந்துக்குக் 'கீக்'. வெந்நீருக்குக் கீக். அவர் சட்டைக் காலருக்குக் கீக். குளியலறையிலிருந்து "துண்டு!" என்று கத்தினால் அதற்கும் ஒரு கீக். பின்னே, துண்டு தானாக நடந்தா வரும்?

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்துக்கே கீக்.

"அதை நிறுத்தித் தொலையேன்!"

"நிறுத்தினா சும்மா இருக்கேன்னு ஆயிடுமேங்க."

அன்று மாலை, இருட்டிய கூடத்தில், இயந்திரத்தின் வார அறிக்கையைத் திறந்து மத்தியானத் தூக்கத்தைத் தேடினார். காணோம். தினமும் இரவு ஏழு மணிக்கு மட்டும் ஒரு பத்து நிமிஷம் வெறுமையாக இருந்தது. "எப்பம்மா வருவே?" என்று அப்பா போனில் கேட்கிற நேரம். கீழே, அவரே விதிகளைப் புகட்டி வளர்த்த மென்பொருள் சிவப்பில் சீறியிருந்தது: 'பணியாளர் எண் 1. வார ஓய்வு தரப்படவில்லை. பொறுப்பதிகாரி விளக்கம் அளிக்கவும்.'

பொறுப்பதிகாரி அவரேதான். மெஷின் பழசு என்று சொல்லலாம்தான். ஆனால் ஐந்நூறு பேரில் யார் அப்படிச் சொன்னபோதும் அவர் ஒப்புக்கொண்டதில்லையே!

எதிரே அவள் பெட்டியோடு நின்றாள். கையில் அவருடைய ஆபீஸ் லீவு ஃபாரம்.

"இது பணியாளருக்குத்தான்."

"கார்டுல நீங்க அப்படித்தானே அச்சடிச்சிருக்கீங்க?"

பணியாளர் எண் கொடுக்காமல் கார்டு அச்சாகாது என்று அவசரத்தில் அவர் போட்டது. கடைசியாக ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்.

"மாற்று ஆள் பேர் எழுதாத லீவை நான் கிழிச்சுப் போடுறவன். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதிட்டேன்."

"யாரு?"

அவள் தன் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றினாள். அவர் கழுத்தில் மாட்டினாள்.

"அஞ்சு மணிக்குத் தட்டிடுங்க. ஒரு நிமிஷம் பிந்தினாலும் அதிகாரி விட மாட்டாரு."