உணவுக்கூடத்தின் பின்புறம் கண்ட மஞ்சள் உயிரி குறித்து

பெருமதிப்பிற்குரிய இதழாசிரியர் திரு. ஹார்லன் தேயர் அவர்களின் சமூகத்திற்கு,

லாங் லெட்ஜ் தீவின் கோடை முகாமிலிருந்து வெர்னா பீல் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் அன்பான கடிதத்திற்கு உரிய காலத்தில் மறுமொழி எழுதாமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். மூடுபனியால் தபால் படகு வரவில்லை என்பது ஒரு காரணம், அது உண்மையும்கூட. ஆயினும் பனி விலகிப் படகு வந்து போன பிறகும் நான் எழுதவில்லையாதலால், பழி முழுவதையும் பனியின் மேல் சுமத்த மனம் ஒப்பவில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் தேனீக்களும் நலமாயிருக்க விழைகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் இயற்கை ஆர்வலர் சங்கத்தின் இலையுதிர்கால இதழில் வெளியிடுவதாகத் தாங்கள் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்ட என் கட்டுரையை, அதாவது என் மூன்று கடிதங்களை, நிறுத்திவிடுங்கள். அச்சுக் கோத்துவிட்டிருந்தால் கலைத்துவிடுங்கள். ஏன் என்பதை வரிசையாகச் சொல்வதே முறை.

இம்முகாமைத் தாங்கள் அறிவீர்கள். நரைத்த தலைகளும் வலிக்கும் முழங்கால்களும் கொண்ட நாங்கள் கோடைதோறும் இயற்கையைக் காண இங்கே கூடுகிறோம். மணி அடிப்பதில்லை, கால அட்டவணை இல்லை, ஊஞ்சல் வலையில் நண்பகல்வரை உறங்கிவிட்டுப் பறவைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒருவர் சொன்னாலும் யாரும் மறுப்பதில்லை. விதி ஒன்றே ஒன்றுதான்: கண்ணால் காணும் எதையும் கையால் தொடக் கூடாது. ஒரு கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, மறு கை முதுகுக்குப் பின்னால். இப்படித்தான் நாங்கள் குனிவோம், இப்படித்தான் நிமிர்வோம், சிலர் பழக்க மிகுதியால் உணவு வரிசையில்கூட இப்படித்தான் நிற்கிறார்கள். அடுத்து, உணவுக்கூடத்தின் உத்தரம். இத்தீவில் ஓர் உயிரை முதன்முதலாகக் கண்டு, அதைத் தொடர்ந்து சில நாட்கள் மற்றவர்களுக்கும் காட்டியவரின் பெயரைக் கடைசி நாள் விருந்தின்போது அதில் வண்ணத்தால் எழுதுவார்கள். பல் மருத்துவர் ரோஸ்கோ பிங்கமின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. என் பெயர் இல்லை. எட்டாம் வகுப்போடு மத்தி மீன் ஆலைக்குப் போனவள் நான். மீனை டப்பாவில் அடுக்கிய கையைக் கழுவிவிட்டு, இடைவேளைகளில் நூலகப் புத்தகங்களைப் படித்தே பாசியையும் பூஞ்சையையும் அறிந்தவள். அந்த உத்தரத்தின் கீழே அமர்ந்து எத்தனையோ கோடைகள் சூப் அருந்தியிருக்கிறேன். அண்ணாந்து பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

இந்த ஆண்டு மழை விட்ட ஒரு காலையில், உணவுக்கூடத்தின் பின்புறம் மரச்சில்லுகள் பரப்பிய பாதையில், ஒரு தட்டளவுக்கு மஞ்சளாக நுரைத்துக் கிடந்தது அது. சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, செடியுமன்று, விலங்குமன்று, உண்மையில் பூஞ்சையுமன்று, மூளையும் காலும் இன்றியே மெல்ல ஊர்ந்து சென்று உணவு தேடும். இத்தீவில் எவரும் அதுவரை பதிவு செய்ததில்லை. நான் ஓடும் வழக்கமற்றவள். அன்று ஓடினேன். எல்லாரும் வந்து வட்டமாக நின்றார்கள். என் அறைத் தோழி டெல்ஃபின் சிர் மட்டும் ஓரடி பின்வாங்கினாள்.

"ஏன்டி வெர்னா, யாருக்கோ ராத்திரி சாப்பாடு ஒத்துக்கல, வாந்தி எடுத்து வெச்சிருக்காங்க. இதைக் காட்டவா காபியைக்கூடக் குடிக்க விடாம இழுத்துட்டு வந்த?"

"டெல்ஃபின், அது உயிரோடிருக்கிறது" என்றேன்.

"வாந்தியா?"

பிங்கம் தம் சட்டைப் பையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை நீட்டி அடிப்புறத்தை நோக்கினார். "சும்மா இரும்மா டெல்ஃபின். வெர்னா சொல்றது சரிதான். ஓரத்தைப் பாரு, நரம்பு நரம்பா கிளை விட்டு ஓடுது. அசல் சரக்கு."

முகாமை நடத்துபவரும் காலை உணவைத் தாமே சமைப்பவருமான வெண்டெல் ஏமஸ், கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அப்போ இந்த வருஷம் உத்தரத்துல உங்க பேருதான் வெர்னாம்மா. மஞ்சப் பெயிண்ட்டே வாங்கி வெக்கிறேன்" என்றார். அன்றே தங்களுக்கு என் முதற்கடிதத்தை எழுதிப் படகில் சேர்த்தேன்.

மறுநாள் காலை அது இருந்த இடத்தைவிட்டுச் சற்றே நகர்ந்திருந்தது. நகர்வது அதன் இயல்பு. ஆகவே எனக்கு மகிழ்ச்சி. வடிவம் மட்டும் சற்று உருண்டு திரண்டிருந்தது. மேலே கருநிறத் துகள்கள் தூவினாற்போல் தெரிந்தன. இனம் பெருக்கும் வித்துத்தூள் முதிர்ந்துவிட்டது என்று முடிவு செய்து, அதைத் தங்களுக்கு என் இரண்டாம் கடிதத்தில் விரிவாக எழுதினேன். மாலையில் அது அடியோடு காணாமற்போயிற்று. அடுத்த காலை மீண்டும் வந்துவிட்டது, இம்முறை பச்சை நிறத் துணுக்குகளோடு. இந்நிற மாற்றம் எந்நூலிலும் இல்லையென்பதை உணர்ந்தபோது என் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. மூன்றாம் கடிதம் அந்தச் சிலிர்ப்பில் எழுதியது. அதன்பின் முகாமே அங்கு குடியேறிவிட்டது. மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, மடியில் ப்ளூபெர்ரி மஃபினும் காபிக் கோப்பையுமாக அமர்ந்து, ஆளாளுக்கு அதை வரைந்தார்கள். ஒருவராவது தொட வேண்டுமே. எல்லாருடைய கையும் முதுகுக்குப் பின்னால்.

"எனக்கென்னமோ இதைப் பாத்தா பசிக்குதுடி" என்றாள் டெல்ஃபின்.

"உனக்கு எதைப் பாத்தாலும் பசிக்கும். நேத்து நத்தையைப் பாத்துட்டு பூண்டு இருக்கான்னு கேட்டவதானே நீ" என்றார் பிங்கம். பிறகு மூக்கைச் சுருக்கி, "ஆனா வெண்ணெ வாசம் வருதோ, வெர்னா?" என்று என்னை வினவினார்.

சில சளிப்பூஞ்சைகளுக்குத் தனி மணம் உண்டென நூல்கள் கூறுவதாக விடையளித்தேன். எந்த நூல் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் ஐயா, மாலையில் அது எங்கே போகிறது என்னும் கேள்வி என்னை விடவில்லை. ஊர்ந்து போனால் தடம் இருக்க வேண்டும். காய்ந்து போனால் தூள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஆகவே ஒரு மாலை, மற்றவர்கள் மீன் சூப்புக்காக உள்ளே சென்றுவிட, நான் மட்டும் நாற்காலியில் அமர்ந்து காத்திருந்தேன். ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையிலிருந்து ஒரு ரக்கூன் தன் குட்டிகளோடு வந்தது. என்னை ஒருமுறை பார்த்தது. பொருட்படுத்தவில்லை. நம் விதி அதற்குத் தெரியாதாகையால் இரு கைகளாலும் அள்ளி அள்ளித் தின்றது, குட்டிகளுக்கும் ஊட்டியது, தரையைத் துடைத்தாற்போல் ஆக்கிவிட்டுச் சென்றது. சளிப்பூஞ்சையை விரும்பி உண்ணும் ரக்கூன் குடும்பம். நான் எழுந்து நின்றுவிட்டேன். உத்தரத்தில் என் பெயரை இரண்டு வரிகளில் எழுத வேண்டியிருக்கும் என்றுகூட எண்ணினேன் என்பதைத் தங்களிடம் மறைப்பானேன்.

துளியும் மிச்சமின்றி உண்ணப்பட்ட ஒன்று காலையில் எவ்வாறு மீண்டும் முளைக்கிறது என்பதே எஞ்சிய வினா. அதன் பிறப்பைக் கண்ணால் கண்டுவிடத் துணிந்து, மறுநாள் எவரும் எழுமுன் சென்று விறகுக் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அடுப்படிக் கதவு திறந்தது. வெண்டெல் பொரிக்கும் சட்டியோடு வெளியே வந்தார். முழந்தாளிட்டார். சட்டியிலிருந்து மஞ்சளாக எதையோ மரச்சில்லுகளின் மேல் வழித்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒரு முள்கரண்டியால் அதன் ஓரங்களை மெல்ல மெல்லக் கிளை கிளையாக இழுத்துவிட்டார். நான் வரைந்திருந்த படத்தின் நகல் ஒன்று அவர் பக்கத்தில் கிடந்தது. கேக்குக்கு அலங்காரம் செய்பவர்களிடத்தும் அத்தனை சிரத்தையை நான் கண்டதில்லை.

நான் எழுந்தேன். என் முழங்கால் சத்தத்தில் அவர் திரும்பினார்.

"அது என்ன, திரு. வெண்டெல்?"

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முட்டைப் பொரியல்" என்றார்.

"தினந்தோறுமா?"

"மொத நாள் பாத்தீங்களே, அது நெசமாவே உங்க சமாச்சாரம்தாங்க. சாமி சத்தியமா. அன்னிக்கு மத்தியானம் பாதை ஈரமா இருக்கேன்னு பழைய சில்லையெல்லாம் தள்ளுவண்டியில அள்ளிட்டுப் போயி நெருப்புல கொட்டிட்டேன். புதுச் சில்லைப் பரப்பினப்புறம்தான் எதை அள்ளினோம்னு உறைச்சுது. அன்னிக்கு மார்ஷ்மெல்லோ சுட்டுத் தின்னோமே, அந்த நெருப்புதான்."

நானும் இரண்டு தின்றிருந்தேன்.

"சொல்லிடலாம்னுதான் வந்தேன் வெர்னாம்மா. நீங்க உத்தரத்துக்குக் கீழ நின்னு மேல பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொல்ல வாய் வரல. ஒரு நாளைக்குச் சமாளிச்சிடலாம்னு பாத்தேன். நீங்க எல்லாரையும் நாற்காலி போட்டு உக்கார வெச்சிட்டீங்க."

"அந்தக் கருந்துகள்கள்?"

"மிளகுத்தூள். பழக்க தோஷத்துல சட்டியிலயே போட்டுட்டேன்."

"பச்சை?"

"வெள்ளிக்கிழமைன்னா வெங்காயத்தாள் போடுவேன்ல."

ஐயா, தங்களிடம் நான் வித்துத்தூளின் முதிர்ச்சி என்று ஒரு பக்கமும், இதுவரை அறியப்படாத பசுமை நிலை என்று ஒன்றரைப் பக்கமும் எழுதியிருக்கிறேன். சினங்கொள்ள முயன்றேன். ஆனால் முதலில் என் வாயில் வந்தது வேறு கேள்வி: ஓரங்களை அத்தனை மெல்லிய கிளைகளாக எவ்விதம் இழுத்தீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் பால் சேத்துக்கிட்டா நல்லா இழுபடும்" என்றார். பிறகு இருவரும் விறகின் மேல் அமர்ந்து மிச்சத்தைச் சட்டியிலிருந்தே உண்டோம். காட்டு உயிர்களுக்கு உணவிடாதீர் என்று அவரே எழுதி மாட்டிய பலகை எங்கள் தலைக்குமேல் இருந்தது.

இன்று கடைசி நாள். மாலை விருந்தில் என் பெயரை எழுத ஏணியும் மஞ்சள் வண்ணமும் ஆயத்தமாகிவிட்டன. மிளகு தூவிய ஒன்றின் பேரால் நான் உத்தரம் ஏறமாட்டேன். என் கண்டுபிடிப்பில் போதிய சான்று இல்லை என்று மட்டும் அனைவரிடமும் சொல்லப் போகிறேன். வெண்டெலின் பெயரை எடுக்கமாட்டேன். டெல்ஃபின் என்னை உலுக்கி எடுப்பாள். அதையும் தாங்கிக்கொள்வேன். தாங்களும் இதைத் தங்களோடு வைத்துக்கொண்டு, என் கடிதங்கள் மூன்றையும் விலக்கிவிடுங்கள். அடுத்த கோடையில் மழை பெய்யும், மரச்சில்லுகளும் இருக்கும். எனக்குக் கண்களும் இருக்குமென நம்புகிறேன்.

தங்கள் இல்லத்தில் தேனும் மெழுகும் குறையாதிருக்கட்டும். தங்கள் துணைவியாரின் இடுப்பு வலி இந்தக் கோடையோடு ஒழியட்டும். சங்கத்து அன்பர்கள் அனைவருக்கும் என் மரியாதையைத் தெரிவியுங்கள்.

என்றும் தங்கள் பணிவுள்ள,
வெர்னா பீல்

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதியதை அப்படியே நிறுத்தி வையுங்கள். இக்கடிதத்தை உறையிலிட்டுத் தபால் பையில் சேர்க்கப் போகும் வழியில் கருவிக் கொட்டகையைக் கடந்தேன். வெண்டெல் பழைய சில்லுகளை அள்ளிய தள்ளுவண்டி அங்கே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த ஈரச் சில்லுகளிலிருந்து புறப்பட்டு, மரக் கைப்பிடியின்மேல் பாதி தூரம் ஏறிவிட்டிருந்தது ஒரு மஞ்சள் நுரை, ஓரமெல்லாம் நரம்பு நரம்பாக. வெண்டெலைக் கையோடு அழைத்துவந்து, "இதுவும் உங்கள் கைவரிசையா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "நான் இல்லைங்க வெர்னாம்மா. இன்னிக்குக் காலைல ஓட்ஸ் கஞ்சிதானே" என்றார். உண்மை, நானே உண்டேன். ஆயினும் பட்டவளாகையால், முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னே கொணர்ந்து ஒரு விரலால் தொட்டேன். குளிர்ந்து வழவழத்தது. மோந்தும் பார்த்தேன், வெண்ணெய் இல்லை. என் பின்னால் வந்து நின்ற டெல்ஃபின், "வெர்னா விதியை மீறிட்டா, பாத்தீங்களா" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். தொடர்ந்து சில நாட்கள் காண வேண்டுமென்பதால் ஒருவரும் இன்று படகேறுவதாக இல்லை. மடக்கு நாற்காலிகள் தள்ளுவண்டியைச் சுற்றி வந்துவிட்டன, ஏணி காத்திருக்கிறது. ஆகவே என் முதற்கடிதம் மட்டும் அச்சேறலாம். மிளகு வரும் கடிதத்தையும் வெங்காயத்தாள் வரும் கடிதத்தையும் எரித்துவிடுங்கள். ஏற்கெனவே எதை அச்சிட்டீர்கள் என்பதை அறியாமல் எனக்குச் சோறு இறங்காது. தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.