விற்பனைக்கு இல்லாத பால் பவுடர்

"அது இன்னாண்ணே, அந்த நீல டப்பா?" என்று துர்காதேவி கேட்டபோது ஜெபசிங் உண்மையைச் சொன்னார். அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

"அது விக்கறதுக்கு இல்லம்மா."

புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வாக்கியம் அது. துர்காதேவி தன் கைக்குழந்தைக்கு வழக்கமாக வாங்கும் உள்ளூர் பால் பவுடரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக இருந்த நாலு நீல டப்பாக்களையும் எட்டிப் பார்த்தாள்.

"விக்கறதுக்கு இல்லன்னா கடைல இன்னாத்துக்கு வெச்சிகினு கீறீங்க?"

"என் பொண்ணு சிநேகா பெங்களூர்லேர்ந்து வர்றா. பேத்திக்கு அவளே ஆன்லைன்ல ஆர்டர் போட்டு கடை விலாசத்துக்கு அனுப்பியிருக்கா. ஃபாரின் பவுடர். ஆர்கானிக்காம்."

"அப்பிடின்னா?"

"அந்த ஊரு மாடு மருந்தடிக்காத புல்லுதான் தின்னுமாம். மத்தபடி உன் கைல இருக்கறதும் அதுவும் ஒண்ணுதான். சத்தெல்லாம் கவர்மென்ட் சொன்ன அளவு ரெண்டுலயும் இருந்தே ஆவணும். விலைதான் ஜாஸ்தி."

"நம்மூரு மாடு போஸ்டர துன்னுதுண்ணே. அப்புறம் எப்பிடி ஒண்ணாவும்?"

மாடு விஷயத்தில் துர்காதேவி சொன்னது சரிதான். பஸ் நிறுத்தத்துச் சுவர் அதற்குச் சாட்சி.

"ஒண்ணுதான்னா இத்த உங்க பேத்திக்கு குடுங்க. அத்த எனக்கு குடுங்க" என்று அவள் கையில் இருந்ததை மேஜை மேல் வைத்தாள்.

"அது முடியாதும்மா."

"பார்த்தீங்களா? ஒண்ணுதான்னு வாய் சொல்லுது. மனசு சொல்லல" என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமலே போய்விட்டாள். அவள் வீட்டில் ஓரகத்தியின் குழந்தைக்குத் துபாயிலிருந்து டப்பா டப்பாவாக வருகிறது. அந்த எரிச்சல் அவளுக்கு.

ஜெபசிங்கின் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். பேத்திக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. பிரசவம் பெங்களூரிலேயே நடந்ததால் குழந்தை இந்த வீட்டு வாசலை இன்னும் மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை தூக்கியதோடு சரி, மீதியெல்லாம் போனில் பார்த்ததுதான். இப்போதுதான் ஞானஸ்நானத்துக்கு ஊருக்கு வருகிறாள். தொட்டில் வாங்கி, உத்தரத்தில் கொக்கி அடித்து, அது தாங்குமா என்று அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிக்கூடப் பார்த்துவிட்டார்.

ஆனால் சிநேகா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ப்பா, அந்த பவுடர் இருந்தா பத்து நாள் இருப்பேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் முடிஞ்ச கையோட கிளம்பிடுவேன். பாப்பா வேற எதையும் வாயில வெக்க மாட்டா."

"நீ நம்ம கடை பவுடர குடிச்சுதாம்மா வளந்த."

"அதனாலதான் எனக்கு இன்னும் சைனஸ் இருக்கு."

அந்தப் பத்து நாளுக்காகத்தான் ஜெபசிங் நாலு டப்பாவுக்கும் காவல் நின்றார்.

மறுநாள் காலையில் ஆட்டோ மணி கடைக்கு வந்தான். ஜெபசிங்குக்கு வெகுநாள் சிநேகிதன்.

"அண்ணாத்த, கல்பாக்கம் டவுன்ஷிப் ஆபீசருங்களுக்கு மட்டும் ஃபாரின் பவுடர் விக்கிறியாமே? மீன் மார்க்கெட் பூரா அதே பேச்சா கீது."

"யாருக்கும் விக்கலடா!"

"எங்கிட்டயே மறைக்கிற பாத்தியா" என்று மணி வருத்தப்பட்டுக்கொண்டான்.

ஜெபசிங் டப்பாக்களின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார். அதுவரை டப்பாவைப் பார்த்தவர்கள் மட்டும் கேட்டார்கள். மூடிய பிறகு, தலைவலி மாத்திரைக்கு வந்தவர்களும் "உள்ள இன்னா கீது?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால், ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினார்.

'வெளிநாட்டுப் பால் பவுடர் இங்கு விற்பனைக்கு இல்லை.'

அதுவரை புதுப்பட்டினத்துக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம், கல்பாக்கம் போகிற வருகிற பஸ்களுக்கெல்லாம் தெரிந்தது. கடை வாசலில் கூட்டம் கூடியது. குழந்தையே இல்லாத ஒருவர்கூட, "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும் சார்" என்று வரிசையில் நின்றார்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருந்து ஆய்வாளர் ராமானுஜம் வந்து சேர்ந்தார். அட்டையை நிதானமாகப் படித்தார்.

"என்ன சார் இது? குழந்தைங்க பால் பவுடருக்கு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். விக்கலன்னு சொல்றது எப்படி சார் விளம்பரம் ஆவும்?"

ராமானுஜம் திரும்பி வரிசையைப் பார்த்தார். பிறகு ஜெபசிங்கைப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு நல்ல விளம்பரத்த நான் பார்த்ததில்ல. கழட்டுங்க. உங்க சொந்தப் பொருள்னா வீட்டுக்குக் கொண்டு போங்க."

சொன்னபடியே ஜெபசிங் நாலு டப்பாவையும் பையில் போட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி சாராள் அவற்றை ஃபிரிட்ஜ் மேல் அடுக்கினாள். அன்று ராத்திரி ஜெபசிங் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் ஒரே ஒரு டப்பா இருந்தது.

"மிச்சம் எங்க?"

"போதகர் வூட்டம்மா மருமகளுக்கு வேணும்னு வந்து கேட்டாங்க. நம்ம பேத்திக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறவரு வூடு. இல்லன்னு எப்படிங்க சொல்றது? அப்புறம் மணி அவன் தங்கச்சிக்குன்னு வந்தான்."

"இன்னொண்ணு?"

"துர்காதேவி. பாவம், வஞ்சிரம் கொண்டாந்து குடுத்துச்சு."

"மீனுக்கா டப்பாவ குடுத்த?"

"நீங்க இப்ப தின்னுகினு இருக்கறதே அந்த மீன்தான்."

ஜெபசிங்கின் கை வாய்க்கு அருகிலேயே நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சாப்பிட்டார். மீன் நன்றாகத்தான் இருந்தது.

"கடைல உக்காந்துகினு நீங்க ஈஸியா இல்லன்னுடறீங்க. வூடு தேடி வர்றவங்கள எப்பிடி வெறுங்கையா அனுப்பறது?" என்றாள் சாராள்.

அந்தக் குணத்துக்காகத்தான் அவளை அவருக்குப் பிடிக்கும். அதே குணம்தான் இப்போது பத்து நாளுக்கும் உலை வைத்துக்கொண்டிருந்தது. மறுபடி ஆர்டர் போட்டார். வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இருக்கிற ஒரு டப்பா அதுவரை தாங்கும், ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டும். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

ஜெபசிங்குக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சீலைக் கிழித்தார். பவுடரைத் தொடவில்லை. திரும்ப அழுத்தி மூடி வைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"உடைச்ச டப்பாவ எவனும் கேக்க மாட்டான்" என்றார் பெருமையாக.

உண்மைதான். வந்தவர்கள் கிழிந்த சீலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பகலில் கார் வந்து நின்றது. மருமகன் ஸ்டான்லி ஓட்டி வந்திருந்தான். சிநேகா குழந்தையோடு இறங்கினாள். ஜெபசிங் பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டது. அவர் சந்தோஷத்தில் அதை மிதித்தும் விட்டார்.

"வழியில கலந்து வெச்சிருந்தது தீந்துபோச்சு. பாப்பாவுக்குப் பசி" என்று சிநேகா நேராகச் சமையலறைக்குப் போனாள். டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"சீல் உடைஞ்சிருக்கே?"

"யாரும் கேக்கக்கூடாதுன்னு நான்தாம்மா உடைச்சேன்."

மனசுக்குள் நினைத்தபோது இது எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தது! வாய்விட்டுச் சொன்னபோது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. சிநேகா அவரை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் பால் கலந்தாள்.

பாப்பா ஒரு வாய் உறிஞ்சியது. முகத்தைச் சுளித்தது. பிறகு அவ்வளவையும் தாத்தாவின் புதுச் சட்டையில் துப்பியது.

"தண்ணியா இருக்கும். கேன் தண்ணில கலக்கு" என்றாள் சாராள். கேன் தண்ணீரில் கலந்தார்கள். துப்பியது. பாட்டிலை மாற்றினார்கள். துப்பியது. ஜெபசிங் ஆலயத்தில் பாடும் பாட்டு ஒன்றைப் பாடிக் கொடுத்துப் பார்த்தார். துப்பியதோடு அழவும் ஆரம்பித்தது.

"நம்மூரு பவுடர் கொஞ்சம் குடுத்துப் பார்க்கலாமா?" என்று ஸ்டான்லி மெதுவாகக் கேட்டான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் சிநேகா. அவன் சும்மா இருந்தான்.

மசித்த இட்லியைக் குழந்தை சமர்த்தாகத் தின்றது. ஆனால் பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பொறந்த மூணாம் மாசத்துலேர்ந்து இதே பவுடர்தான். ஒரு நாள்கூட இப்படிப் பண்ணினதில்ல" என்று சிநேகா கையைப் பிசைந்தாள்.

அந்த நேரம் பார்த்து, குழந்தையைப் பார்க்கக் கண்ணாடி வளையல்களோடு துர்காதேவி உள்ளே வந்தாள். நிலைமையைக் கேட்டாள். டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாரு உடைச்சது? எனக்கு சாராளக்கா குடுத்தது சீலோட கீதே. நான் இன்னும் பிரிக்கவே இல்ல, ஓரகத்தி கண்ணுல படற மாதிரி ஷோகேஸ்ல வெச்சிகீறேன்."

சிநேகா மெல்லத் திரும்பினாள். "ப்பா, வந்ததுல மூணு டப்பா எங்க?"

சாராள் எதற்கோ கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

"அது வந்தும்மா..."

"அவர ஒண்ணும் சொல்லாதம்மா" என்று துர்காதேவி பரிந்துகொண்டு வந்தாள். "அதுவும் இதுவும் ஒண்ணுதான், விலைதான் வேறன்னு எங்கிட்ட அவரே சொன்னாரு. புள்ளைக்குக் கெடுதலா பண்ணுவாரு?"

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதைவிடப் பெரிய கெடுதலை ஜெபசிங்குக்கு எதிரிகூடச் செய்திருக்க முடியாது.

"ப்பா! உள்ள இருந்தத யாருக்கோ குடுத்துட்டு, நம்ம கடை பவுடர கொட்டி வெச்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா! ஒரு நாள் தேதி தாண்டின மாத்திரயக்கூட நான் வித்ததில்ல. என் பேத்திக்கா அப்படிப் பண்ணுவேன்?"

"பின்ன பாப்பா ஏன் துப்பறா? அவளுக்குத் தெரியுதுப்பா. ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எதுன்னு குழந்தைக்கு நல்லாத் தெரியும்."

ஜெபசிங் விடுவிடுவென்று போய் பைபிளை எடுத்துக்கொண்டு வந்து அதன் மேல் கையை வைத்தார்.

"சத்தியம் பண்ணக்கூடாதுன்னு சின்ன வயசுல நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் சிநேகா. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கிளம்பறோம்" என்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் பாப்பா தாத்தாவைப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டுப் பக்கவாட்டில், முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அழுகையே வந்துவிட்டது. ஊரையெல்லாம் பகைத்துக்கொண்டு ஒரு டப்பாவைக் காப்பாற்றி, கடைசியில் திருட்டுப் பட்டம். உள்ளே தொட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. பத்து நாள் இரண்டு நாளாகிவிட்டது.

ஸ்டான்லி வந்து பக்கத்தில் நின்றான். கையில் அந்த நீல டப்பா இருந்தது.

"மாமா, நிஜமாவே நீங்க இதுல பவுடர மாத்தலையா?"

"இல்லப்பா. நீயாவது நம்பு. அந்த சீலக் கிழிச்சதோட சரி, ஒரு சிட்டிகை எடுக்கல, ஒரு சிட்டிகை போடல. உள்ள இருக்கறது அசல் ஃபாரின் பவுடர்."

"நம்பறேன் மாமா. அழாதீங்க, எழுந்து கடை சாவிய எடுத்துக்குங்க."

"கடை சாவி எதுக்குப்பா?"

ஸ்டான்லி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து அவர் காதோரம் சொன்னான்:

"நீங்க மாத்தி வெச்சிருந்தா பாப்பா அப்பவே குடிச்சிருக்கும் மாமா, நாலு மாசமா பெங்களூர்ல சிநேகாவுக்குத் தெரியாம இந்த டப்பால நான் கொட்டி வெக்கறது நம்மூரு பவுடர்தான்."