பைலா கோஷ்டியும் பெரட்டுத் தப்பும்

போராட்டத்துக்கு இசைதான் உயிர் என்று யாராவது மேடையில் பேசினால், நான் நைசாக எழுந்து வெளியே போய்விடுவேன். காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் மூன்று இளவட்டங்கள் பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டி வைத்திருந்தோம். ஒரு கிட்டார், ஒரு பொங்கோ, ஆளுக்கொரு குழாய்க் கால்சட்டை. (அதைப் போட்டால் உட்கார முடியாது. அதனால் நின்றுகொண்டே வாசித்தோம்.) பொங்கோ என்னுடையது. அப்பா தோட்டத்தில் தப்படிப்பவர். விடியற்காலையில் அவருடைய தப்புச் சத்தம் கேட்டால்தான் லயக் குடியிருப்பே எழுந்து பெரட்டுக்குப் போய், பேர் கொடுக்க வரிசையில் நிற்கும். அந்தத் தப்பை நான் மதித்ததே இல்லை. நான் கொழும்பு ரகம்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவை எதிர்த்துப் பேசியதற்காக என் தாய்மாமாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். (மூத்தவள்மேல் எனக்கு ஒரு கண்.) தோட்டமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. துரையின் கார் வரும்போது ஹட்டன் கடைத்தெருவில் நடுரோட்டில் உட்கார்ந்து மறிப்பது, மாமாவைத் திரும்ப எடுப்பதாகச் சொன்னால்தான் வழிவிடுவது என்று முடிவானது. சனத்துக்கு உற்சாகமூட்டும் பொறுப்பு எங்கள் கோஷ்டிக்கு.

மறியலன்று ஹட்டன் மழையில் பொங்கோ ஊறிப்போய், ஈரத்துணி துவைக்கிற சத்தம் போட்டது. வேறு வழியில்லாமல், அப்பா சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்த தப்பைப் பிடுங்கினேன். தப்பில் எத்தனையோ அடிகள் உண்டு. எனக்குத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து தினமும் என்னை எழுப்பிய ஒன்றுதான். கார் முனையில் திரும்பியதும் கண்ணை மூடிக்கொண்டு உற்சாகமாக அதை அடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது நடுரோடு காலி. மொத்தச் சனமும் எழுந்து ஓரமாகப் போய், ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் வரிசையில் நின்றிருந்தது. கங்காணி தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தார். முதல் ஆளாக மாமா நின்றார். கார் வேகம் குறையாமல் போனது. துரை வழக்கம்போல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா தப்பை வாங்கிச் சாக்கில் சுற்றினார். நான் மாமாவிடம் போனேன்.

“ஒங்களத்தான் நிப்பாட்டிட்டாங்களே மாமா. நீங்க எதுக்குப் போய் நின்னீங்க?”

மாமா தன் கால்களைப் பார்த்தார். “எனக்கு வேல இல்லேன்னு இதுங்களுக்கு இன்னும் தெரியல மாப்ள.”

வேலைநிறுத்தம் மேலும் இழுபட்டு, ஒருவழியாக மாமாவைத் திரும்ப எடுத்தார்கள். பிறகு மூத்த மகளையும் எனக்கே கொடுத்தார், இனி எந்தத் தோல் கருவியிலும் கை வைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. இன்றும் சோறு வரத் தாமதமாகி நான் மேசையில் விரலால் தட்டினால், பேரப்பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுவரோரம் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆளாக என் மனைவி.